சந்தேகப்படும் கிளையன்ட்டை வைத்துக்கொண்டு வேலை செய்வது எப்படி?

கேள்வி இதுதான்: தனியாக வெப் டெவலப்பராக வேலை செய்கிற ஒருவருக்குப் புதிதாக ஒரு கிளையன்ட் வந்திருக்கிறார். எதையும் நம்ப மாட்டேன் என்கிறார். பில்லில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விளக்கம் கேட்கிறார், செய்த வேலையை இன்னொருவரிடம் காட்டி விசாரிக்கிறார், அட்வான்ஸ் தரத் தயங்குகிறார், நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் 'இன்னிக்கு என்ன முடிஞ்சது?' என்கிறார். இவரைச் சமாளிக்க வழி உண்டா, இல்லை விட்டுவிடலாமா?

விடுவதைக் கடைசியில் பார்ப்போம். இப்படி வருகிற பலர் ஏற்கெனவே ஒருமுறை சூடு பட்டவர்கள். கதையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். முன்பு தளம் செய்து கொடுத்தவர் டொமைனை (தளத்தின் இணைய முகவரியை) தன் பெயரில் பதிந்து வைத்திருப்பார், ஹோஸ்டிங்கும் (தளம் இயங்கும் சர்வர் இடம்) அவர் கணக்கில்தான் இருக்கும், ஒரு கட்டத்தில் போனை எடுப்பதை நிறுத்திவிடுவார். புதுப்பிக்கும் தேதி தாண்டித் தளம் விழும், அதோடு கம்பெனி மின்னஞ்சலும் நின்றுபோகும். இதையெல்லாம் பார்த்துவிட்டு வருகிறவர் அடுத்த டெவலப்பரிடம் மட்டும் மனம் திறந்து பேசுவார் என்று எதிர்பார்ப்பது அதிகம்.

அதனால் முதல் பேச்சிலேயே ஒன்றைக் கேளுங்கள்: "இதுக்கு முன்னாடி தளத்தை யார் பார்த்துக்கிட்டாங்க, ஏன் நின்னுபோச்சு?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் சொல்கிற பதிலில் அவருடைய பயம் என்ன என்பது தெரிந்துவிடும். டொமைன் மாட்டிக்கொண்டது என்றால் உரிமை பற்றிய பயம். பணம் வாங்கிக்கொண்டு ஆள் காணாமல் போனார் என்றால் சின்னச் சின்னத் தவணையாக வேலையும் பணமும் நகர வேண்டும். ஒன்று சொல்லி மூன்று மடங்கு பில் போட்டார்கள் என்றால் எழுதிக் கொடுத்த மதிப்பீடுதான் மருந்து. எந்தப் பயம் என்று தெரியாமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி இனிக்க இனிக்கப் பேசுவதால் ஒன்றும் ஆகாது. 'என்னை நம்புங்க சார்' என்பதை அடியோடு விட்டுவிடுங்கள், முந்தைய ஆளும் அதையேதான் சொல்லியிருப்பார்.

டொமைன் விஷயத்தை முதல் வாரத்திலேயே முடித்துவிடுவது நல்லது, ஏனென்றால் இதில் கிடைக்கிற நல்ல பெயர் வேறு எதிலும் கிடைக்காது. டொமைன் யாருடையது என்று ஹூஇஸ் (டொமைன் பதிவு விவரங்களைக் காட்டும்) தேடலில் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஐரோப்பாவின் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018-இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து பெரும்பாலான தேடல்களில் உரிமையாளர் விவரம் மறைக்கப்பட்டே வருகிறது. அதனால் கிளையன்ட்டோடு உட்கார்ந்து, பதிவாளர் (டொமைனைப் பதிந்து தரும் நிறுவனம்) கணக்கில் அவரையே லாகின் செய்யச் சொல்லி, உரிமையாளர் பெயர் என்று இருக்கும் இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று அவர் கண்ணாலேயே பார்க்க வையுங்கள். அவர் பெயர் இல்லையென்றால் மாற்ற வேண்டிய வேலை இருக்கிறது. முந்தைய ஆள் ஒத்துழைத்தால், ஒரே பதிவாளருக்குள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு நகர்த்துவது சுலபம். வேறு பதிவாளருக்குப் போக வேண்டுமென்றால்தான் ஆத் கோட் என்ற மாற்ற அனுமதிக் குறியீடு வேண்டும். .காம், .நெட் மாதிரிப் பொது டொமைன்களுக்கு, பதிவு செய்த உரிமையாளர் கேட்டால் 5 நாளுக்குள் அந்தக் கோடைக் கொடுத்தாக வேண்டும் என்பது டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் விதி. அதே மாதிரி புதிதாகப் பதிந்த டொமைனும், சமீபத்தில் பதிவாளர் மாற்றிய டொமைனும், வேறு பதிவாளருக்கு நகர்த்த முடியாதபடி 60 நாளுக்குப் பூட்டப்பட்டிருக்கும். உரிமையாளர் பெயரை மாற்றினாலும் இந்தப் பூட்டு விழலாம். நாட்டுக் குறியீடுள்ள டொமைன்களுக்கு விதிகள் தனித்தனி. இந்த 60 நாள் கதையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடுவில் திடீரென்று 'இன்னும் 60 நாள் ஆகும் சார்' என்றால், அவர் காதில் அது பழைய ஆளின் குரலாகத்தான் கேட்கும்.

ஹோஸ்டிங், அனலிட்டிக்ஸ், சர்ச் கன்சோல், பேமென்ட் கேட்வே, காசு கொடுத்து வாங்கிய பிளகின் லைசென்ஸ், கிட் ரெப்போ (கோடைச் சேமித்து வைக்கும் இடம்) எல்லாமே இப்படித்தான். கணக்கு கிளையன்ட்டின் மின்னஞ்சலில், பணம் அவருடைய கார்டில், நாம் அதில் சேர்க்கப்பட்ட ஒரு பயனர். இதில் பலர் கவனிக்காத ஒன்று: பதிவாளர் கணக்கின் லாகினுக்கு அதே டொமைனில் இயங்கும் மின்னஞ்சலைக் கொடுக்கவே கூடாது. டொமைன் விழுந்தால் அந்த மின்னஞ்சலும் சேர்ந்து விழும், பிறகு பாஸ்வேர்ட் மாற்றும் லிங்க் எங்கே வந்து சேரும்? இப்படி ஒரு சின்ன விஷயத்தை நீங்களாகவே எடுத்துச் சொன்னால், அவர் நலனைப் பார்க்கிற ஆள் என்பதை நீங்கள் தனியாகச் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

உடனே ஒரு கேள்வி வரும். எல்லாச் சாவியையும் முதலிலேயே கொடுத்துவிட்டால், பணம் தராமல் போனால் என்ன செய்வது? டொமைன் எந்த நிலையிலும் உங்கள் பிணை ஆகாது, அதைப் பிடித்து வைத்துக் காசு வாங்கலாம் என்று நினைப்பவர்தான் அந்த முந்தைய ஆள். உங்கள் கையில் இருப்பது உங்கள் வேலை. ஸ்டேஜிங் தளம் (வெளியிடும் முன் பார்க்கிற சோதனைப் பிரதி) உங்கள் சர்வரில் இருக்கட்டும், அவர் பார்க்கலாம், சோதிக்கலாம், நண்பர்களுக்குக் காட்டலாம். ஒரு தவணைக்குப் பணம் வந்ததும் அந்தத் தவணையின் கோட் அவர் ரெப்போவுக்குப் போகும், கடைசித் தவணை வந்ததும் தளம் அவர் ஹோஸ்டிங்கில் ஏறும். முழுப் பணமும் வந்த பிறகே கோடின் உரிமை கைமாறும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். பணம் வராவிட்டால் தளத்தை நிறுத்துகிற மாதிரி ரகசியமாக ஏதாவது கோடில் ஒளித்து வைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டவே வேண்டாம். அடுத்தவர் சர்வரில் இருக்கும் தளத்தை அவர் அனுமதியில்லாமல் முடக்குவது பல நாடுகளில் கணினிக் குற்றமாகவே பார்க்கப்படும், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் மாட்டுவது நீங்கள்தான்.

அட்வான்ஸ் தரத் தயங்குகிறவரிடம் வாதாடுவதைவிடத் தொகையைச் சின்னதாக்குங்கள். முழுத் தளத்துக்குப் பாதிப் பணம் என்றால் அவருக்கு வயிற்றைக் கலக்கும். அதற்குப் பதில், இப்போது இருக்கும் தளத்தை முழுசாகப் பரிசோதித்து எழுத்தில் ஓர் அறிக்கை தருகிறேன், அதற்கு இவ்வளவு, அறிக்கையை எடுத்துக்கொண்டு வேறு யாரிடம் போனாலும் எனக்குச் சம்மதம் என்று சொல்லிப் பாருங்கள். அந்தச் சின்ன வேலையில் நீங்கள் சொன்ன தேதிக்குக் கொடுக்கிறீர்களா என்று அவர் பார்ப்பார், அவர் சொன்ன தேதிக்குப் பணம் போடுகிறாரா என்று நீங்களும் பார்க்கலாம். அப்வொர்க் மாதிரி ஃப்ரீலான்ஸ் வேலைத் தளங்கள் வழியாக வந்த வேலை என்றால் இன்னும் சுலபம். நிலையான தொகை வேலைகளில் கிளையன்ட் பணத்தை முன்கூட்டியே எஸ்க்ரோவில் (நடுவில் பிடித்து வைக்கும் கணக்கில்) போட்டுவிடுவார், அப்வொர்க்கில் நீங்கள் வேலையை ஒப்படைத்த பிறகு 14 நாளுக்குள் அவர் பதில் சொல்லாவிட்டால் பணம் தானாக விடுவிக்கப்படும். வெளியே நேரடியாகச் செய்யும் வேலையிலும் மூன்றாமவரிடம் பணத்தை வைக்கலாம் என்று அவர் கேட்டால் தாராளமாக ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு பைசாகூட முன்பணம் இல்லாமல் முழுத் தளத்தையும் கட்டித் தரச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். அவருக்கு உங்கள்மேல் துளி நம்பிக்கை இருக்காது, உங்களுக்கு மட்டும் அவர்மேல் முழு நம்பிக்கை இருக்க வேண்டும் என்றால் அது என்ன கணக்கு?

அடுத்தது பில். சண்டை பெரும்பாலும் தொகையின் மேல் வருவதில்லை, பில்லில் எழுதியிருக்கும் வரியின் மேல்தான் வரும். 'தொடர்புப் படிவம் சரிசெய்தல், 3 மணி நேரம்' என்று ஒரு வரி போட்டு அனுப்புகிறீர்கள். உடனே போன் வரும்.

"ஃபார்ம் அப்படியேதானே இருக்கு, மூணு மணி நேரம் என்ன பண்ணீங்க?"

அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் கேள்வி நியாயமானது. அவர் கண்ணுக்குத் தெரிகிற எதுவும் மாறவில்லையே. இப்போது அதே வேலையை இப்படி எழுதிப் பாருங்கள்: 'படிவத்தில் வாடிக்கையாளர்கள் அனுப்பும் விசாரணைகள் ஸ்பாமுக்குப் போய்க்கொண்டிருந்தன. காரணம், நிரப்புகிறவரின் மின்னஞ்சலையே அனுப்புநர் முகவரியாகப் படிவம் போட்டது, அதனால் எஸ்பிஎஃப் சோதனையில் தோற்றது. இனி உங்கள் டொமைன் முகவரியிலிருந்தே அஞ்சல் கிளம்பும், பதில் முகவரியில் மட்டும் நிரப்பியவரின் முகவரி இருக்கும். டிஎன்எஸ்ஸில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் சேர்க்கப்பட்டன. ஜிமெயிலுக்கும் அவுட்லுக்குக்கும் அனுப்பிச் சோதித்தேன், இரண்டிலும் இன்பாக்ஸில் வந்து விழுந்தது, படம் இணைப்பில்.' நேரம் அதே 3 மணிதான். எஸ்பிஎஃப் (அந்த டொமைன் அனுமதித்த சர்வரிலிருந்துதான் அஞ்சல் வந்ததா என்று பார்க்கும் சோதனை) என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் என்ன கெட்டிருந்தது, ஏன், என்ன செய்தோம், சரியாகிவிட்டது என்பதை எப்படிப் பார்த்தோம் என்ற நாலும் அதில் இருக்கின்றன. அதைவிட முக்கியம், தனக்கு வரவேண்டிய விசாரணைகள் இத்தனை நாளாகக் கைக்கு எட்டாமல் போயிருக்கின்றன என்பது அவருக்குப் புரிந்துவிடும், பிறகு மூன்று மணி நேரத்தைப் பற்றிப் பேச்சே வராது. இப்படி எழுதக் கூடுதலாகக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்தையும் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள், இந்த வகைக் கிளையன்ட்டிடம் விளக்குவதும் வேலையில் ஒரு பகுதிதான்.

'நீங்க ஒண்ணுமே மாத்தலையே' என்கிற புகாரும் இதன் தங்கச்சிதான். பத்தில் ஒன்பது தடவை அவருடைய பிரௌசர் பழைய சிஎஸ்எஸ் (தோற்றத்தைத் தீர்மானிக்கும்) கோப்பைக் கேஷிலிருந்து, அதாவது முன்பு சேமித்து வைத்ததிலிருந்து, காட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் கேஷை அழியுங்கள் என்று அவரைப் படுத்தாமல், கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண் மாறுகிற மாதிரி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை ஒழிந்தது. சர்வர் மாற்றும்போது டிஎன்எஸ் டிடிஎல் மதிப்பை (டொமைன் எந்தச் சர்வரைக் காட்டுகிறது என்ற பதிவை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) முந்தைய நாளே 300 விநாடிக்குக் குறைத்து வையுங்கள். இல்லாவிட்டால் அவர் அலுவலகத்தில் பழைய தளமும் வீட்டில் புதிய தளமும் தெரியும், அந்த ஒரு நாளைக்கு உங்களைப் பொய்யர் என்றே நினைப்பார்.

இனி அந்த 'இன்னொருவர்'. மைத்துனரின் நண்பரோ, ஐடியில் இருக்கும் தெரிந்த பையனோ, யாரோ ஒருவர் இருப்பார். இவர் பொதுவாகச் செய்வது ஒன்றே ஒன்றுதான், தளத்தின் முகவரியை, வேகத்தை அளக்கும் கூகுள் பேஜ்ஸ்பீடில் போட்டு 'மொபைல் ஸ்கோர் 43' என்று ஒரு சிவப்பு வட்டத்தைப் படம் பிடித்து அனுப்புவார். கோபம் வரும், வரட்டும், பதிலில் மட்டும் அது தெரிய வேண்டாம். அந்த ஸ்கோர் வேகம் குறைந்த ஒரு மொபைலையும் இணைப்பையும் பாவனை செய்து எடுக்கிற ஆய்வக அளவு, அதே பக்கத்தை மறுபடி ஓட்டினால் எண் மாறும். பேஜ்ஸ்பீட் காட்டும் முடிவின் மேலே, போதுமான வருகையுள்ள தளங்களுக்கு, உண்மையான குரோம் பயனர்களிடமிருந்து கடந்த 28 நாளில் திரட்டிய அளவுகள் இருக்கும். எல்சிபி (பக்கத்தின் பெரிய உள்ளடக்கம் தெரிய ஆகும் நேரம்) 2.5 விநாடிக்குள், ஐஎன்பி (தொட்டதும் பக்கம் பதில் தர ஆகும் நேரம்) 200 மில்லிவிநாடிக்குள், சிஎல்எஸ் (பக்கம் குலுங்கும் அளவு) 0.1-க்குள், 75 சதவீத வருகைகளில் இருந்தால் கூகுளின் கணக்கில் நல்ல நிலை. 2024 மார்ச்சில் எஃப்ஐடியை (முதல் தொடுதலுக்கான தாமதத்தை) எடுத்துவிட்டு ஐஎன்பியைக் கொண்டுவந்தார்கள், பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் இன்னும் எஃப்ஐடி பற்றிக் கேட்பார்கள். இதை இரண்டு மூன்று வாக்கியத்தில் எழுதி, கூடவே 'அவர் சொன்னதில் ஒன்று சரி, முகப்புப் படம் தேவைக்கு மேல் பெரியது, இந்த வாரம் சரிசெய்கிறேன்' என்று உண்மையிலேயே சரியாக இருப்பதை ஒப்புக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் மறுத்தால் மறைக்கிறீர்கள் என்று படும், எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் அடுத்த மாதம் வேலையை நடத்துவதே அந்தப் பையன்தான். கருத்து யாருடையதாக இருந்தாலும் எழுத்தில் வரட்டும், கிளையன்ட் வழியாகவே வரட்டும், மதிப்பீட்டில் இல்லாத வேலை என்றால் தனி விலை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கிளையன்ட் அட்மின் லாகின் கேட்பார். கொடுத்துத்தான் ஆக வேண்டும், தளம் அவருடையது. வேர்ட்பிரஸ் என்றால் அவருக்கு இரண்டு கணக்கு உண்டாக்குங்கள். ஒன்று அட்மினிஸ்ட்ரேட்டர், பத்திரமாக வைத்துக்கொள்வதற்கு. இன்னொன்று எடிட்டர், அன்றாடம் எழுதித் திருத்துவதற்கு. எடிட்டர் கணக்கில் பிளகினும் தீமும் தொட முடியாது என்பதால் விபத்து குறையும். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பதிகிற ஒரு பிளகினையும், அவருக்குச் சொல்லிவிட்டே, போட்டு வையுங்கள். 'நேத்து வரைக்கும் ஓடிக்கிட்டிருந்தது, நீங்க என்னமோ பண்ணிட்டீங்க' என்று அவர் ஆரம்பிக்கும்போது, மாலை 6 மணிக்கு அவர் கணக்கிலிருந்து ஒரு பிளகின் நிறுத்தப்பட்டது பதிவில் இருக்கும். அதைக் குத்திக்காட்ட வேண்டாம். 'இந்த பிளகின் நின்னதால வந்தது சார், திரும்ப ஓட வெச்சாச்சு' என்றால் போதும், பதிவை அவரும் திறந்து பார்க்க முடியும் என்பது அவருக்கே தெரியும்.

நள்ளிரவு வாட்ஸ்அப் விஷயத்தில் பலர் செய்வது, முதல் வாரம் ஓடி ஓடிப் பதில் சொல்வது, இரண்டாம் வாரம் சலித்துப்போய் மௌனமாவது. இவருக்கு அந்த மௌனம்தான் விஷம், பழைய ஆளும் அப்படித்தான் தேய்ந்து மறைந்தார். கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுவதுதான் வழி. வாரத்தில் இரண்டு நாள், குறித்த நேரத்தில், முடிந்தது, நடப்பது, உங்களிடமிருந்து வரவேண்டியது என்று ஒரு சின்ன மின்னஞ்சல். ஒன்றும் முடியாத வாரத்திலும் அது போக வேண்டும், முக்கியமாக அந்த வாரத்தில். மூன்றாவது பகுதியை விட்டுவிடாதீர்கள். 'தயாரிப்புப் படங்கள் இன்னும் வரவில்லை, போன செவ்வாயிலிருந்து காத்திருக்கிறேன்' என்று எழுதியது, தாமதம் யாரால் என்ற பேச்சு வரும்போது உதவும். அப்புறம், வாட்ஸ்அப்பிலோ போனிலோ பேசி முடிவானதையெல்லாம் அன்றே மின்னஞ்சலில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

திரையைப் படம் பிடிக்கிற மென்பொருள் போடச் சொன்னால்? அப்வொர்க்கில் மணிக்கணக்கு வேலை என்றால் 10 நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும், அதற்கு ஈடாக அந்த நேரத்துக்கான ஊதியத்துக்குப் பாதுகாப்பும் உண்டு, அது பரவாயில்லை. வெளியே நேரடி வேலையில் நான் ஒப்புக்கொள்வதில்லை. அதே கணினியில் மற்ற கிளையன்ட்களின் பாஸ்வேர்டும் தரவும் இருக்கின்றன, அவர்களுடையதை இவருக்குக் காட்ட எனக்கு உரிமையில்லை. 'நாளைக்கு உங்க தகவலையும் இப்படி யாருக்கும் காட்ட மாட்டேன்' என்று சேர்த்துச் சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்கிறார்கள். அப்படியும் விடவில்லை என்றால் மணிக்கணக்கை விட்டுவிட்டுத் தொகை பேசி முடிக்கிற வேலையாக மாற்றுங்கள், நீங்கள் எத்தனை மணிக்கு உட்கார்ந்தீர்கள் என்பது அதில் யாருக்கும் வேண்டாம்.

இவ்வளவும் சூடு பட்டவருக்குத்தான். இன்னொரு ரகம் உண்டு, அவருக்குச் சந்தேகம் என்பது பேரம் பேசுகிற ஆயுதம். இரண்டு பேரையும் ஆரம்பத்தில் பிரித்துப் பார்ப்பது கஷ்டம், ஒன்றிரண்டு தவணையில் தெரிந்துவிடும். சூடு பட்டவர் டொமைன் தன் பெயருக்கு வந்ததும், சொன்ன தேதியில் வேலை வந்ததும், மெல்ல மெல்லத் தளர்வார், கேள்விகள் குறையும். மற்றவருக்குச் சந்தேகம் பில் தேதி நெருங்கும்போது மட்டும் வரும். ஸ்டேஜிங்கில் பார்த்து 'நல்லா இருக்கு' என்று எழுதியதையே பணம் தரும் நேரத்தில் 'இது நான் கேட்டதே இல்ல' என்பார். தளர்வுக்கான அறிகுறியே இருக்காது, ஒன்றை நிரூபித்தால் அடுத்த சந்தேகம் தயாராக இருக்கும். முன்பு நாலு டெவலப்பர்கள் இருந்தார்கள், நாலு பேருமே திருடர்கள் என்று சொன்னால், ஐந்தாவது யார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இவரிடம் மேலே சொன்ன பொறுமையெல்லாம் வீண். ஒப்பந்தத்தில் இருப்பதை மட்டும் பேசுங்கள்: திருத்தம் இரண்டு சுற்று, ஒப்படைத்து இத்தனை வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும், தவணை தாமதமானால் வேலை நிற்கும். நிற்கும் என்று எழுதியிருந்தால் நிறுத்தவும் வேண்டும். ஒருமுறை நிறுத்தாமல் விட்டால் அந்த வரிக்கு மதிப்பில்லை.

விலக முடிவு செய்தால், ஒரு தவணை முடிந்து பணம் வந்த இடத்தில் விலகுங்கள், தளம் பாதி உடைந்து கிடக்கும்போது வேண்டாம். காரணத்தை நீட்டி முழக்க வேண்டியதில்லை. 'இந்தத் தவணையோடு முடித்துக்கொள்கிறேன், இன்ன தேதிவரை அடுத்தவருக்கு விளக்கம் தரக் கிடைப்பேன்' என்று எழுதினால் போதும். பணம் கொடுத்த வேலையின் கோட், டேட்டாபேஸ் பேக்கப், எந்தச் சேவை எந்தக் கணக்கில் ஓடுகிறது, எது எப்போது புதுப்பிக்க வேண்டும் என்கிற பட்டியல் எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள். அப்புறம் உங்கள் பயனர் கணக்குகளை நீங்களே நீக்கி, உங்களுக்குத் தெரிந்த பாஸ்வேர்டுகளையும் ஏபிஐ சாவிகளையும் மாற்றச் சொல்லி, மாற்றிவிட்டேன் என்று அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வாங்கி வையுங்கள். ஆறு மாதம் கழித்துத் தளத்தில் ஏதாவது உடைந்தால் முதலில் சந்தேகம் விழப்போவது உங்கள்மேல்தான், அந்த மின்னஞ்சல் அப்போது வேண்டியிருக்கும்.